ரொனால்டு அழித்த பட்டியல்

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, ஒற்றை அறையில், மூன்று கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு ரொனால்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்தான். வாத்தியார் இருதயநாதனின் மகன். "கவர்மெண்டு பரீட்சை எழுதுடா" என்று அப்பா தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல் இந்தத் தொழிலில் இறங்கியவன். காலையில் பிள்ளைகளுக்குப் பாடம். மத்தியானத்தில் கல்யாணப் பத்திரிகை, ஜாதகம் என்று எது வந்தாலும் டைப் அடித்துக் கொடுப்பான். புதிதாக ஒன்றைக் கேள்விப்பட்டால் அதைச் செய்து பார்க்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. கையில் சுறுசுறுப்பு இருந்த அளவுக்கு நிதானம் இல்லை.

அந்த சென்டருக்கு வாரம் ஒருமுறை சுருளிவேல் வருவார். திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் ஓடும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். அவருடைய தங்கை தலைப்பிரசவத்தில், வேண்டிய ரத்தம் கிடைக்காமல் செத்துப்போனாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் டிக்கெட் கொடுத்த கையோடு, "உங்களுக்கு என்ன குரூப்பு?" என்று கேட்க ஆரம்பித்தார். பேர், ஊர், போன் நம்பர் எல்லாவற்றையும் துண்டுச் சீட்டுகளில் எழுதிச் சேர்த்தார். ஏழு வருஷத்தில் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பேர்.

அந்தச் சீட்டுகளையெல்லாம் நான்கு மாதம் உட்கார்ந்து, காசு வாங்காமல் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவன் ரொனால்டுதான். ஏற்றி முடித்ததும், "இனி இந்தக் குப்பை எதுக்குண்ணே?" என்று சொல்லிச் சாக்கோடு பழைய பேப்பர்காரனிடம் போட்டவனும் அவன்தான். பட்டியலின் நகல் ஒன்றை ஃப்ளாப்பியில் போட்டு சுருளிவேலிடம் கொடுத்தான். அவர் அதைக் கண்டக்டர் பையிலேயே வைத்துக்கொண்டு, வாராவாரம் புதுப் பேர்களைச் சேர்க்கக் கொண்டுவருவார். ஆஸ்பத்திரிகளிலிருந்து ரத்தம் கேட்டு சென்டர் போனுக்கே அழைப்பு வரத் தொடங்கியது.

2001 ஐப்பசியில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக லினக்ஸ் சிடி வந்தது. விண்டோஸை அழிக்காமலே அதற்குப் பக்கத்தில் இதையும் ஏற்றிக்கொள்ளலாம், மெஷினைப் போட்டதும் எது வேண்டும் என்று அதுவே கேட்கும் என்று எழுதியிருந்தார்கள். ரொனால்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று விடாத மழை. பிள்ளைகள் யாரும் வரவில்லை. சுருளிவேல் மட்டும் காலையில் நனைந்தபடி வந்து, "பதினாலு பேரு சேர்ந்திருக்கு தம்பி, செத்த ஏத்தி வையி, சாயங்காலம் வாங்கிக்கிறேன்" என்று ஃப்ளாப்பியையும் சீட்டுகளையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

பழைய மெஷின் சிடியிலிருந்து நேராகக் கிளம்ப மறுத்தது. அதற்கென்று ஒரு ஃப்ளாப்பி தயார் செய்ய வேண்டும். வெற்று ஃப்ளாப்பி கையில் இல்லை. கடைக்குப் போகலாமென்றால் மழை. மேஜையில் சுருளிவேலின் ஃப்ளாப்பி கிடந்தது. 'பட்டியல்தான் டி டிரைவில் இருக்கிறதே, வேலை முடிந்ததும் திரும்ப நகல் எடுத்துக்கொள்ளலாம்' என்று அதை அழித்து எழுதிக்கொண்டான்.

ஈ டிரைவ் காலியாகக் கிடந்தது. அதை லினக்ஸுக்குக் கொடுப்பதுதான் அவன் திட்டம். ஆனால் திரையில் சி, டி, ஈ என்ற எழுத்துகளே இல்லை. ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு என்று எண்கள்தான் இருந்தன. ஒன்று சி, இரண்டு டி, அப்படியானால் ஐந்துதான் ஈ என்று கணக்குப் போட்டான். ஆறு எதற்கு நிற்கிறது என்று யோசிக்கவில்லை. ஐந்தை அழிக்கட்டுமா, நிச்சயந்தானா என்று அது கேட்டது. ஆமாம் என்று தட்டினான்.

ஒரு மணி நேரத்தில் லினக்ஸ் எழுந்து நின்றது. ஊரிலேயே முதல் ஆளாகச் செய்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து பார்த்தான். பிறகுதான் விண்டோஸுக்குத் திரும்பினான். அதுவும் ஒழுங்காக வந்தது. டி டிரைவைத் திறந்தான். உள்ளே ஒன்றுமில்லை. ஈ டிரைவைக் காணவே இல்லை. இரண்டு என்பது டி-யையும் ஈ-யையும் சேர்த்து அடைத்த வெறும் கூடு, ஐந்துதான் டி, ஆறுதான் ஈ; அவன் அழித்தது டி டிரைவை. காலியாகக் கிடந்த ஈ இப்போது டி என்ற பெயரில் நின்றது.

அழிந்ததை மீட்கும் சாப்ட்வேர் ஒன்றை இரவல் வாங்கி இரண்டு நாள் போராடினான். துண்டு துண்டாகச் சில பேர்கள் வந்தன. நம்பரும் வரவில்லை, குரூப்பும் வரவில்லை.

ஆனால் அதற்கு முன்னால், அன்று சாயங்காலமே, சுருளிவேல் வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் ரொனால்டின் வாயில் பொய் தானாக வந்தது.

"கரெண்டு கூடக்குறைய வந்து ஹார்டு டிஸ்க் போயிருச்சுண்ணே."

"அதுக்கென்ன தம்பி, ஃப்ளாப்பிதான் இருக்கே."

ரொனால்டு கண்ணை மேஜைக்குத் தாழ்த்தினான். "அது... மழையில ஈரம் ஏறிருச்சு போல. படிக்கவே மாட்டேங்குது."

சுருளிவேல் தோளில் தொங்கிய பையைத் தடவிப் பார்த்தார். பை நனைந்துதான் இருந்தது. "என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றார். "ஒரு பாலித்தீன் பையில சுத்தியிருந்தா என்னத்தக் கொறஞ்சு போயிருப்பேன்? ஏழு வருசம் தம்பி." படியில் இறங்கும்போது மாடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ரொனால்டு கூப்பிடவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசியவன் சேவுகம்பட்டி அழகர். பொண்டாட்டி ராமுத்தாய்க்குப் பிரசவமாகி ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் வேண்டும் என்றான். பட்டியலில் ஓ நெகட்டிவ் பதினோரு பேர் இருந்தது ரொனால்டுக்கு ஞாபகம் இருந்தது. பேராக ஞாபகம் வந்தது இரண்டே இரண்டு. சுருளிவேல் பஸ்ஸோடு ஓடிக்கொண்டிருந்தார், கேட்க வழியில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுப்பட்டியில் ஐரின் டீச்சர் வீட்டுக்கு ஓடினான். அவர் மாற்றலாகிப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. பேகம்பூரில் ஜெய்தூன் பீவியின் மகனைத் தேடிப் போய்க் கதவைத் தட்டினான். "மகன் லோடு ஏத்திக்கிட்டு திருச்சி போயிருக்கானே, அப்பு" என்றார் அந்த அம்மாள். மற்ற ஒன்பது பேரும் இந்த ஊரில்தான் எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். மிஞ்சிய பதினாலு சீட்டிலும் அவர்கள் இல்லை, யாரென்று சொல்ல வேறு ஒரு காகிதமும் இல்லை.

ரத்தம் மதுரையிலிருந்து வர நான்கு மணி நேரம் ஆனது. ராமுத்தாய் பிழைத்தாள். பெண் குழந்தையும் நலம். ஆனால் கர்ப்பப்பையை எடுக்கும்படி ஆகிவிட்டது. சீக்கிரம் ரத்தம் கிடைத்திருந்தால் எடுக்காமல் விட்டிருக்கலாமா என்று ரொனால்டு டாக்டரம்மாவிடம் கேட்டான். "இருக்கலாம், இல்லாமயும் போகலாம். அதை யாராலயும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் அவர்.

இரண்டு வாரம் கழித்து அழகர் ஒரு பை நிறையத் தக்காளியோடு சென்டருக்கு வந்தான். "எங்களுக்காக அம்புட்டு அலைச்சல் அலைஞ்சீங்க சார். ஆரு பெத்த புள்ளையோ, உங்கள மறக்கவே மாட்டோம்" என்று கும்பிட்டான். ரொனால்டுக்கு அந்தக் கும்பிட்ட கைகளைப் பார்க்க முடியவில்லை. அவன் போனதும் சென்டரைப் பூட்டிவிட்டு வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறினான்.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடைப் பக்கம் நின்றிருந்த சுருளிவேலிடம் எல்லாவற்றையும் சொன்னான். சிடி, ஃப்ளாப்பி, ஐந்தாம் நம்பர், பொய், ராமுத்தாய் எதையும் விடவில்லை.

"அழிஞ்சது அழிஞ்சு போச்சு. கைப்பிசகு, யாருக்கும் வரும்" என்றார் கடைசியில். "ஆனா மழையில நனைஞ்சுச்சுன்னு சொன்ன பாரு. நாலு மாசமா என் தங்கச்சி போட்டோவ நிமிந்து பாக்கலடா நான்." டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறி விசில் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ரொனால்டு ஒரு நோட்டோடு அதே பஸ்ஸில் ஏறினான். வழியில் ஒவ்வொரு ஊராக இறங்கி, டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் நின்று குரூப் கேட்டு எழுதினான். எல்லா ஞாயிறும் அப்படியே போனான். சுருளிவேல் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். ஐந்தாறு மாதம் ஒரு வார்த்தை இல்லை. ஒருநாள் டிக்கெட்டோடு சொன்னார்: "செம்பட்டியில எறங்கு. பரோட்டாக்கடை மாஸ்டரு ஏ நெகட்டிவ்." அன்றிலிருந்து ஞாபகத்துக்கு வந்த பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். டிக்கெட்டையும் பேரையும் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

பட்டியல் மெல்ல வளர்ந்தது. ரொனால்டும் வளர்ந்தான். லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கூப்பிட்டு லேப் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஊரில் அப்போது அது தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அப்பா முதன்முறையாகப் பெருமையாகப் பேசினார். புஷ்பமேரியோடு கல்யாணமும் ஆனது. ஒவ்வொரு நல்லதும் நடக்கும்போது, இது எதைக் கொடுத்து வாங்கியது என்று அவனுக்குத் தோன்றும். ஒருநாள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னீங்களா?"

சொல்ல மேலும் ஒரு வருஷம் ஆனது. 2005-ல் சேவுகம்பட்டிக்குப் போனான். அழகர் வாசலுக்கு ஓடிவந்து நாற்காலி போட்டான். ராமுத்தாய் மூன்று வயது மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ரொனால்டு நின்றுகொண்டே சொன்னான். கம்ப்யூட்டர் சங்கதி அழகருக்குப் பிடிபடவில்லை, "போகட்டும் சார், வேணும்னா செஞ்சீங்க?" என்றான். ராமுத்தாய்க்குப் பிடிபட்டது. பின்னல் பாதியில் நின்றது.

"எதுக்காக சார் அதப் போட்டீங்க?"

"புதுசா ஒண்ணு கத்துக்கலாம்னுதாம்மா."

"கத்துக்கிட்டீங்களா?"

"கத்துக்கிட்டேன். இப்ப அதான் எனக்குப் பொழப்பு."

அவள் மகளின் பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"எனக்கும் ஓ நெகட்டிவ்தான சார்" என்றாள். "எம் பேரையும் எழுதிக்கங்க. இந்தத் தடவையாச்சும் பத்திரமா வைங்க."

ரொனால்டு நோட்டை விரித்து ராமுத்தாய், சேவுகம்பட்டி என்று எழுதினான். வயதைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அழகர்தான் சொன்னான்: "இருபத்தாறு சார்."