பங்கு போட்ட ரோபோ

பழுப்பு டேப்பை மீன் கத்தியால் கிழிக்கும்போது வரும் அந்தச் "சர்ர்" சத்தம் கேட்டால் போதும், மீமிசலில் எங்கள் தெருப் பிள்ளைகள் தின்றுகொண்டிருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவோம். யார் வீட்டிலோ "துபாய்ப் பெட்டி" பிரிக்கிறார்கள் என்று அர்த்தம். டேப் கிழிந்ததும் சோப்பும் செண்டும் புதுத் துண்டும் கலந்த ஒரு வாசனை வாசல்வரை வரும். அந்த வாசனை எங்கள் வீட்டிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. என் அத்தா, அதாவது அப்பா, மீன் இறங்கும் இடத்தில் படகுகளுக்கு ஐஸ் விற்றார். துபாயில் இருந்தது அவருடைய அண்ணன், என் பெரியத்தா. பெட்டி வந்ததெல்லாம் பக்கத்து வீட்டில் இருந்த அவர் மகன் இர்ஃபானுக்கு. என்னைவிடச் சில மாதம்தான் மூத்தவன். அண்ணன் என்று நான் அவனைக் கூப்பிட்டதில்லை, கூப்பிடும் எண்ணமும் இருந்ததில்லை.

பெட்டி கட்டுவதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. விமானத்தில் எடை கூடிவிடும் என்று பொருள்களின் அட்டை டப்பாக்களை எல்லாம் அங்கேயே தூக்கி எறிந்துவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் துணிகளுக்கு இடையில் செருகிக்கொண்டு வருவார்கள். இங்கே வந்ததும் வீட்டுப் பெண் பாயை விரித்து, "இது மாமி வீட்டுக்கு, இது எதுத்த வீட்டுக்கு" என்று பங்கு வைப்பாள். எது எதோடு சேர்ந்தது என்று அந்தக் குவியலில் யாருக்குத் தெரியும்? நாங்கள் ஏழாவது படித்த வருடம் பெரியத்தா இர்ஃபானுக்கு ஒரு ரோபோ வாங்கி வந்தார். நாமே பூட்டிக்கொள்ள வேண்டிய ரோபோ. ஓடும், எதிலாவது முட்டினால் திரும்பிக்கொள்ளும். அதன் டப்பாவும் துபாய்க் குப்பையிலேயே போய்விட்டது. வயரும் திருகாணியும் பச்சை அட்டையும் இருந்த பொட்டலம் ஒரு சட்டைக்குள்ளிருந்து வந்தது. சக்கரம் மாட்டிய இரண்டு மஞ்சள் மோட்டார்கள் இருந்த பொட்டலம் ஒரு கைலிக்குள்ளிருந்து வந்தது. பெரியம்மா அதைத் தூக்கிப் பார்த்து, கார் பொம்மையோ என்னவோ என்று, "இந்தாடி நஸ்ரின், இது ஒனக்கு" என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

எனக்கு அது பொருட்டாகவே இல்லை. அவனுக்கு ரோபோ, எனக்கு இரண்டு சக்கரமா? வயிறு பற்றி எரிந்தது. இரவு சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்ததைப் பார்த்து அத்தா கேட்டார்: "நானும் அங்கிட்டு போனா ஒனக்கும் பெட்டி வரும். ஆனா நான் இங்க இருக்க மாட்டேன். எது வேணும், சொல்லு." யோசிக்கவே இல்லை, "ரோபோதான்" என்றேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அத்தா சிரித்துவிட்டு மீன் முள்ளை எடுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் கடிகாரத்திலிருந்து செல்லைக் கழற்றி மோட்டாரின் வயர்களில் வைத்துப் பார்த்தேன். சக்கரம் விர்ரென்று சுற்றியது. சிவப்பையும் கறுப்பையும் மாற்றி வைத்தால் எதிர்ப்பக்கம் சுற்றியது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு அதுவே வேலை. கடிகாரம் நின்றுபோய் அம்மா நேரம் தெரியாமல் கத்திக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டில் வேறு கூத்து நடந்தது. ரோபோவோடு வந்த குறிப்புப் புத்தகம் அரபியில் இருந்தது. காலையில் ஓதப் போகிற பிள்ளைகள் நாங்கள். அரபி எழுத்தைக் கூட்டி வாசிப்போம், அர்த்தம் ஒரு சொல்லுக்கும் தெரியாது. ஓதும் கிதாபில் இருக்கும் மேல்குறி கீழ்க்குறி எதுவும் அந்தப் புத்தகத்தில் இல்லாததால், பாதியை இர்ஃபான் தானாகவே சேர்த்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் ராகமும் போட்டு வாசித்தான். அடுப்படியில் இருந்த பெரியம்மா ஓதுகிறான் பிள்ளை என்று முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். திருகாணி முடுக்கும் பக்கம் அது என்று தெரிந்த பிறகு கரண்டியோடு வந்தார்.

படத்தைப் பார்த்தே முக்கால்வாசி பூட்டிவிட்டான். மோட்டார் மாட்டும் பக்கம் வந்ததும்தான் முழித்தான். "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று பெரியத்தா அந்த வீட்டில் கோபத்தில் குதித்துக்கொண்டிருந்தார். பையன் சோடா மூடியில் ஓட்டை போட்டுச் சக்கரம் செய்தான். அது நகரவா செய்யும்? கடைசியில் செல் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவன், என் கையில் சுற்றும் சக்கரத்தைப் பார்த்து அலறினான்: "ஏய், அது என் ரோபோ காலு!"

"பெரியம்மா எனக்குக் குடுத்தது" என்றேன். அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷம் எந்தப் பெருநாளிலும் இருந்ததில்லை.

பங்காகக் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பது எங்கள் பக்கம் பெரிய அசிங்கம். பெரியம்மா கேட்கவில்லை. ஒரு தட்டு நிறைய சாக்லேட் மட்டும் கொடுத்தனுப்பினார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "குடுத்துத் தொலையேன்டி, மானம் போகுது" என்றாள். நான் சாக்லேட்டையும் தின்றேன், மோட்டாரையும் கொடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, ரோபோ எங்கள் வீட்டுக்கு வரட்டும், இங்கே வைத்துப் பூட்டுவோம், ஓடுகிறவரை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். வேறு வழியில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தான்.

பூட்டினோம். பொத்தானை அழுத்தினால் முன்னால் போகாமல் நின்ற இடத்திலேயே செக்குமாடு மாதிரி சுற்றியது. செல்லை மாற்றினோம், திருகாணிகளை முடுக்கினோம். இர்ஃபான் புத்தகத்தை எடுத்து மறுபடியும் ராகம் போட்டான். எனக்கோ பார்த்த உடனே தெரிந்துவிட்டது, ஒரு மோட்டாரின் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கிறது என்று. ஆனால் ஏன் சொல்ல வேண்டும்? ஓடாதவரை அது எங்கள் வீட்டில் இருக்கும். ஓடிவிட்டால் அவன் வீட்டுக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பயல் சும்மா இருந்திருக்கலாம். "ஒங்க வீட்டு மோட்டாரு கெட்டுப்போச்சு, நீதான் கெடுத்துட்ட" என்றான்.

என் மோட்டாரையா? பொறுக்க முடியவில்லை. "என் மோட்டாருல ஒண்ணும் இல்ல, நீதான் வயரை மாத்திச் செருகியிருக்க, தள்ளு இங்கிட்டு!" என்று பிடுங்கி, மாற்றிச் செருகினேன். ரோபோ நேராகப் போனது. சுவரில் முட்டித் திரும்பியது. வாசல்படி வரை போய் நின்றது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு, என் மோட்டார்களோடு சேர்த்து, வீட்டுக்கு ஓடிவிட்டான்.

பள்ளிக்கூடக் கண்காட்சியில் அது ஓடியபோது வந்த பெரியவர்களிடம் "நானே செஞ்சது சார்" என்று சொன்னான். கூட்டத்தில் நின்று கேட்டேன். பரிசும் வாங்கினான். கைதட்டின பிள்ளைகள் நடுவில் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இப்போது நான் இலுப்பூரில் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை. இர்ஃபான் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். ஊருக்கு வந்தால் வெறும் துணிப்பெட்டிதான் கொண்டுவருகிறான். எல்லாச் சாமானும் இங்கேயே கிடைக்கும்போது யார் சுமப்பது? பாய் விரித்துப் பங்கு வைப்பதும் நின்றுவிட்டது. ஒரு பொருளில் பாதி ஒரு வீட்டுக்கும் மீதி இன்னொரு வீட்டுக்கும் போய், ஒருவர் வாசலில் ஒருவர் வந்து நிற்க வேண்டிய அவசியமும் இல்லை.

போன மாதம் என் சொந்தச் சம்பளத்தில் எனக்கே எனக்கு ஒரு ரோபோ வரவழைத்தேன். எல்லாப் பொட்டலத்திலும் எண் போட்டிருந்தது, ஒரு திருகாணி குறையவில்லை, தமிழிலேயே வீடியோ இருந்தது. பூட்டினேன், முதல் தடவையே ஓடியது. உடனே இர்ஃபானுக்கு வீடியோ கால் போட்டேன். எதற்கு மறைக்க வேண்டும், அவன் முகம் சுருங்குவதைப் பார்க்கத்தான் போட்டேன்; அதற்காக இத்தனை வருடம் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ரோபோ ஓடுவதைப் பார்த்தான். சட்டென்று போனைத் திருப்பி, அறையில் படுத்திருந்தவர்களை எல்லாம் எழுப்பினான். "டேய், எந்திரிச்சுப் பாருங்கடா! என் தங்கச்சி செஞ்சது! சின்னதுல ஒரு ரோபோவுக்குப் பரிசு வாங்கினேன்னு சொல்லுவேன்ல, அதையும் இவதான் ஓட வச்சா!"

தூக்கக் கலக்கத்தில் யார் யாரோ கைதட்டினார்கள். அவன் முகத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், பொறாமை ஒரு துளி இல்லை. இப்படி அடுத்தவருக்காகச் சந்தோஷப்பட எனக்கு இன்றுவரை வந்ததில்லை. அந்த மனசும் அவனுக்குத்தான் கிடைத்திருக்கிறது என்று நினைத்தபோது, வயிறு பழையபடி எரிந்தது.