இன்னொரு தடவை கழுவிட்டு வாரேன்

என் கணவருக்குக் கோவில்பட்டியில் டிராக்டர் பட்டறை. விதைப்புக்கு முன்னால் சுற்றியுள்ள கரிசல் காட்டு வண்டிகளெல்லாம் அங்கேதான் நிற்கும். வீட்டுக்குக் கிளம்புமுன் கிரீஸ் போக டீசலில் கை கழுவுவார். பிறகு மணலும் துணி சோப்பும் போட்டு முழங்கை வரை தேய்ப்பார். பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் அதுதான் வழக்கம்.

மகள் பிறந்த மூன்றாம் மாதம் அவள் கன்னம் சிவந்து சொரசொரப்பானது. எனக்கு உடனே அவர் கை மேல்தான் சந்தேகம் வந்தது.

"டீசல் வாடை போகலைங்க. இன்னொரு தடவை கழுவிட்டுத் தூக்குங்க."

மறுத்துப் பேசமாட்டார். பின்பக்கக் குழாயடிக்குப் போவார். போர்வெல் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் தேய்ப்பார். பட்டறையிலும் அப்படியே தேய்த்திருக்கிறார். கூட வேலை பார்க்கும் அண்ணாச்சி கேட்டாராம்: "ஏலே, நீ பிள்ளையத் தூக்கப் போறியா, ஆபரேசன் பண்ணப் போறியா?" அதை அவரே சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கோடையில் காய்ந்த கரிசல் மண் மாதிரி அவர் விரல்கள் வெடித்தன. ஒருநாள் பிள்ளையை வாங்கும்போது வெடிப்பின் முனை அவள் கன்னத்தில் கீறிவிட்டது. வீறிட்டு அழுதாள். அன்றோடு அவர் தூக்குவதை நிறுத்தினார். தொட்டில் பக்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

"ஏட்டி, பாப்பாவ இந்தப் பக்கம் திருப்பேன். மூஞ்சியப் பாத்துக்கிடுதேன்."

திருப்பிக் காட்டுவேன். வேதியியல் படித்தவள் நான். டீசலும் சோப்புக் காரமும் தோலில் உள்ள எண்ணெயை உரித்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பிள்ளையின் கன்னம்தான் கண்ணை மறைத்தது. அவர் தொடுவதை விட்ட பிறகும் அது ஆறவில்லை.

கடைக் களிம்பு எதற்கும் ஆறாமல், அவள் தவழும் வயதில்தான் தோல் டாக்டரிடம் போனோம். எச்சில் வடிவதும், நான் காலையும் மாலையும் சோப்பு போட்டுக் குளிப்பாட்டுவதும்தான் காரணம் என்றார் டாக்டரம்மா. பிறகு வாசலோரம் நின்ற என் கணவரைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னார். டீசலும் மணலும் கூடாது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் கிரீஸைத் துடைக்கணும். மென்மையான சோப்பால் கழுவி, ஈரம் காயுமுன் வாசலின் தடவணும் என்றார்.

இவர் ஒன்றுதான் கேட்டார். "பிள்ளையத் தூக்கலாமா, மேடம்?"

"தூக்கக் கூடாதுன்னு யார் சொன்னது?"

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் தாங்கியிருப்பேனோ என்னவோ.

மெல்ல மெல்ல வெடிப்புகள் மூடின. போன ஞாயிற்றுக்கிழமை தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். "வா தாயி, அப்பாட்ட வா."

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"பழக்கமில்லைல்லா, அதான்" என்றேன்.

அவர் உள்ளங்கைகளை முகர்ந்து பார்த்தார். எழுந்தார்.

"இரு, இன்னொரு தடவை கழுவிட்டு வாரேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்பக்கம் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.