மீன் தொட்டியின் முதல் ஆறு வாரம்

பதினைந்து வருடம் வகுப்பில் கத்திக் கத்தித் தங்கையின் குரல்நாணில் சிறு கட்டி வந்துவிட்டது. அதை எடுத்த மருத்துவர், பத்து நாளைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அவள் கணவர் வெளிநாட்டில் இருந்தார். கிழக்கேகோட்டையில் என் வீட்டுக்கே அவளைக் கூட்டி வந்துவிட்டேன். சொல்ல வேண்டியதை எழுதிக் காட்ட ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன்.

நான் தண்ணீர் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவேன். அதுவரை தனியாக, வாய் திறக்காமல், அவள் என்ன செய்வாள்? பார்த்துக்கொண்டிருக்க மீன் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. சனிக்கிழமை ஆரியசாலைப் பக்கம் ஒரு கடையில் இரண்டடித் தொட்டி, வடிகட்டி, மூன்று தங்கமீன், ஐந்து சின்னக் கப்பி மீன் எல்லாம் ஒன்றாக வாங்கினேன்.

"இன்னைக்கே மீன விடலாமா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஒரு கொழப்பமும் இல்ல, சேச்சி. வெள்ளம் நல்லதா இருந்தா போதும்," என்றார் அவர், மலையாளம் கலந்த தமிழில்.

தண்ணீரைப் பற்றி என்னிடமா சொல்கிறார் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்று தெரிந்தவள் நான். அது பறந்துபோகட்டும் என்று முந்தின நாளே வாளிகளில் பிடித்துத் திறந்து வைத்திருந்தேன்.

தங்கைக்கு மீன்கள் ரொம்பப் பிடித்துவிட்டன. தொட்டிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். செவ்வாய்க்கிழமை தண்ணீர் பால் கலந்தது போல மங்கியது. வடிகட்டிக்குள் இருந்த பஞ்சில் வழுவழுவென்று அழுக்குப் படிந்திருந்தது. அதை எடுத்துக் குழாயடியில் பிழிந்து பிழிந்து, வெள்ளையாகும் வரை கழுவி மாட்டினேன். வியாழக்கிழமைக்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு தெளிவு. எனக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா!"

கரகரத்து உடைந்த குரல். யார் குரல் என்று ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கரண்டியோடு ஓடினேன். தங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்னட்டி, எதுக்குச் சத்தம் போட்ட? தொண்ட என்னத்துக்கு ஆகும்?"

அவள் தொட்டியைக் காட்டினாள். இரண்டு கப்பியும் ஒரு தங்கமீனும் அடியில் கிடந்தன. மிச்ச ஐந்தும் மேல்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் சதை பிய்ந்தது போலச் சிவந்திருந்தன. அத்தனையும் அந்தத் தெளிந்த தண்ணீருக்குள்.

"தண்ணி நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

தங்கை நோட்டை எடுத்து, பக்கங்களைப் பின்னால் புரட்டி, என் முகத்துக்கு நேரே நீட்டினாள். புதன்கிழமை எழுதியது: 'மீனெல்லாம் மேலயே நிக்குது. வாய வாயத் திறக்குது. இது சரியா?'

அதை நான் படித்திருந்தேன். "வெளையாடுது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். அவளால் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை. அடுத்த பக்கத்தில் புதிதாக எழுதினாள். எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. 'நீ தண்ணி பாக்குற வேலையிலதானே இருக்க?'

ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அம்மோனியா பார்க்க நாங்கள் ஒரு மருந்து விடுவோம். அம்மோனியா இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். நிறைய இருந்தால் பழுப்பாகும். நான் கொண்டுபோன தண்ணீர், மருந்தை விட்டு நிமிர்வதற்குள் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அய்யோ, இது எவிடத்தெ கிணறு, சேச்சி? செப்டிக் டேங்க் பக்கத்துலயா?"

"கிணறு இல்ல. என் வீட்டு ஹால்."

சிரிப்பாரென்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த அளவு ஒரு கிணற்றில் வந்திருந்தால், குடிக்கக் கூடாது, மூடிவிடுங்கள் என்று நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்தத் தண்ணீரில் ஒரு வாரமாக எட்டு உயிர்களை விட்டு வைத்திருந்தேன்.

இதில் எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்பதுதான் இன்னும் மோசம். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு கெடுதல் இல்லை. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் பெருக வாரக்கணக்கில் ஆகும். கல்லூரியில் இதைப் படம் போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அந்த பாக்டீரியாக்கள் வந்து ஒட்டத் தொடங்கிய பஞ்சைத்தான் குளோரின் தண்ணீரில் வெளுக்க வெளுக்கக் கழுவியிருந்தேன்.

மதியமே விடுப்புச் சொல்லிவிட்டு அந்தக் கடைக்குப் போனேன்.

"மூணு மீன் செத்துப் போச்சு," என்றேன்.

"அது சாதாரணம், சேச்சி. புது தொட்டியில ஆதியம், மொதல்ல, கொஞ்சம் போகும். பின்ன செட் ஆகிடும்."

"போகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் போகுமே," என்றார் சாதாரணமாக. அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் என்னைத் திகைக்க வைத்தது.

சண்டை போடத் தெம்பில்லை. அந்த பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கும் அவருடைய பழைய தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டு கேட்டேன். ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் பாதியை வெட்டி, அதே தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தார். வீட்டில் அந்தப் பழுப்புச் சேற்றை நான் தொட்டிக்குள் பிழிந்தபோது தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் நான் கிறுக்கியாகத் தெரிந்திருப்பேன்.

மறுநாள் மருத்துவர் குழாய் விட்டு அவள் தொண்டையைப் பார்த்தார். "புண் ஆறிட்டு வர்ற இடம். எதுக்குச் சத்தம் போட்டது?" என்று கேட்டார். அவள் 'மீன்' என்று எழுதினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஐந்து நாள் மௌனம் என்றார்.

தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினோம். ஒருநாள் விட்டு ஒருநாள், சிட்டிகைத் தீனி மட்டும். நான் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பேன். அவள் நோட்டில் குறித்துக்கொள்வாள். இரண்டாவது வாரக் கடைசியில் அம்மோனியா இறங்கியது. தப்பித்தோம் என்று நினைத்தேன். இரண்டே நாளில் நைட்ரைட் ஏறியது. வரும் என்று தெரிந்தும், நைட்ரைட்டின் சிவப்பைச் சோதனைக் குழாயில் பார்த்தபோது இன்னொரு தடவை மருந்து விட்டுப் பார்த்தேன். நைட்ரைட் மீனுக்குள் ஏறாமல் தடுக்கக் கல்லுப்புக் கொஞ்சம் கரைத்து விட்டோம், தண்ணீரைக் கூடுதலாக மாற்றினோம். அப்படியும் ஒரு தங்கமீனும் ஒரு கப்பியும் போய்விட்டன. தங்கமீனை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்த தங்கை நோட்டில் அன்றைய தேதியைக் குறித்து வைத்தாள்.

அதற்குள் அவளுக்குப் பேச அனுமதி வந்திருந்தது. ஆனால் பழக்கத்தில் வாய் வரவில்லை. ஒரு சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"அக்கா, சிவப்புக் கப்பிக்கு வாலு வளருது. வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். அந்த விஷத் தண்ணீரில் அரித்துக் கிழிந்திருந்த வாலின் ஓரத்தில் கண்ணாடி போல மெல்லிய புதுத் தோல் விளிம்பு கட்டியிருந்தது. மூன்று மீன்களும் தொட்டியின் நடுவில் நீந்திக்கொண்டிருந்தன.

"கேட்டியாக்கா, அன்னைக்கு நான் பேச முடிஞ்சிருந்தா உன்ன விட்டிருக்க மாட்டேன்," என்றாள்.

"எழுதினியே."

"எழுதினத நீ படிக்க மட்டும்தானே செஞ்ச," என்றாள்.

ஆறாவது வாரம் அம்மோனியா, நைட்ரைட் இரண்டு சோதனையிலும் நிறம் மாறவில்லை. தங்கை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். வகுப்பில் இப்போது சின்ன மைக் மாட்டிக்கொள்கிறாள். மூன்று மீன்களும் என்னிடம்தான் இருக்கின்றன. காலையில் விளக்கைப் போடுவதற்கு முன்னால், அவை எந்த ஆழத்தில் நிற்கின்றன என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.