களவு மாட்டில் பங்கு

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரணத்தைச் சொல்லும் ஜனாஸா அறிவித்தல் வந்தது. "மர்ஹூம் ஆதம்பாவா அவர்களின் மகள் வபாத்தானார்" என்றார்கள். யாரோ என்று நினைத்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். எங்கள் தையல் ஆலையில் யாரும் அவரை வாப்பாவின் பெயரால் அறிந்ததில்லை. உம்மாதான் வந்து, "புள்ள, அது உங்கட ஜெஸீமா ராத்தாதான்" என்றார்.

படிப்பை இடையில் விட்டுவிட்டு ஆலைக்குப் போன எனக்கு, எல்லோரும் அக்கா முறையில் ராத்தா என்று அழைத்த அவருடைய மெஷினுக்குப் பக்கத்து மெஷினைத் தந்தார்கள். நான் யாரோடும் கதைப்பதில்லை. "இவள் ஊமையா?" என்று ஒருத்தி கேட்டபோது, "வாய் இருக்கு கா, நல்ல நாளைக்கு எண்டு எடுத்து வெச்சிருக்காள்" என்றார் ராத்தா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைக் கதைக்கச் சொல்லி அவர் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அவருடைய தங்கச்சி ஒரு கம்பனி மூலம் வீட்டுவேலைக்கு வெளிநாடு போனவர். அங்கே அந்தக் கம்பனிக்காரர்கள் பாஸ்போட்டைப் பறித்து, திரும்பி வரக் கேட்டதற்காக ஓர் அறையில் பூட்டி வைத்தார்கள். ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்த பிறகும், கதவைச் சாத்தினால் அவருக்குத் தூக்கம் வராது. எங்கள் சம்பளத்தில் மாதாமாதம் கழித்துச் சேர்க்கும் ஓய்வுகால நிதி அதே கம்பனியில் பங்கு வாங்கியிருக்கிறது என்ற செய்தி பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ராத்தா அதைச் சொன்னார். எங்களுக்குத் தெரிந்த பங்கு, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஏழு பேர் சேர்ந்து மாடு வாங்கி அறுக்கும் பங்குதான்.

"எங்களுக்கும் பங்கா? எப்ப அறுக்கிறாங்களாம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்கட இறைச்சியப் பொதி பண்ணி அனுப்பச் சொல்லுங்க!" என்றாள் இன்னொருத்தி.

ராத்தாவும் சிரித்தார். பிறகு, நிதிக்கு எழுதிய மனுவை எடுத்து விரித்துக் கேட்டார்: "களவு மாடு எண்டு தெரிஞ்சா அதில பங்கு எடுப்பீங்களா?"

வீரமுனையிலிருந்து வேலைக்கு வரும் கமலா அக்காதான் முதலில் வாய் திறந்தார். "நாங்க மாடே தின்னுறல்ல. களவு மாடு ஆருக்கு வேணும்? எங்க கையெழுத்து வைக்கணும், சொல்லுங்க."

வேலையை விட்டுவிட்டு உன் காசை எடுத்துக்கொள் என்று சொந்தக்காரர்கள் ராத்தாவுக்குப் புத்தி சொன்னார்கள். "என்ட காச எடுத்தா என்ட கை மட்டும்தான் சுத்தமாகும். மத்தவங்கட காசு அங்கதானே கிடக்கும்?" என்றார். அந்தக் கம்பனியை விட்டு முழு நிதியும் வெளியே வர வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

நிதியின் அதிகாரி ஒருவர் கல்முனைக்கு வந்து கூட்டம் வைத்தார். ராத்தா எழுந்து அந்தப் பங்கை ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டார். "தங்கச்சி, உங்கட லாபத்துக்காகத்தான் எல்லாம் செய்றம்" என்றார் அதிகாரி.

"எங்கட லாபத்துக்காகத்தானா சேர் என்ட தங்கச்சியப் பூட்டி வெச்சாங்க?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலிடத்துக்குச் சொல்வதாகச் சொன்னார்; சொல்லியும் இருக்கிறார். அந்தக் கம்பனியில் இனிப் புதிதாகப் பங்கு வாங்கமாட்டோம் என்று பதில் வந்தது.

அப்போது ராத்தா நோயில் படுத்துவிட்டார். நான் போய்ச் சொன்னேன். "வாங்கினத விக்கிறதப் பத்தி?" என்று கேட்டார். அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றேன். "அப்ப பாதி மாட்டத்தான் அவிழ்த்திருக்காங்க" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. நான் முதுகைத் தடவிவிட்டேன்.

ஜனாஸா வீட்டில் அவருடைய தங்கச்சி எங்கள் பக்கம் வந்து அமர்ந்தார். "அந்த சேர் திரும்பவும் வாறாராம். இனி ஆரு கேட்பீங்க?" என்றார். எல்லோரும் கமலா அக்காவைப் பார்த்தார்கள். "நான் கேட்கிறன்" என்றது என் குரல்.

அவரை அறிந்தவர்கள் அவருடைய துணிச்சலைச் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் பக்கத்தில் இருந்தவள் நான். கேட்கும்போது அவருடைய கை நடுங்கியது. அந்த நடுக்கத்தோடேயே கேட்டு முடித்தார். நான் மனதில் வைத்துக்கொள்வது அதைத்தான். ராத்தா, கப்றில் நிம்மதியாக உறங்குங்கள். மிச்சத்தை நாங்கள் கேட்கிறோம்.