நனைத்துப் பார்த்து எடுத்த அளவு

மகள் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனபோது தன் நாயை என்னிடம் விட்டுப் போனாள். முயல் அளவு உடம்பு, தரையைக் கூட்டும் முடி. கூடவே ஒரு சிவப்புக் கழுத்துப் பட்டை. அந்தப் பட்டைதான் எங்களை முதலில் கைவிட்டது.

சிவகாசியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம் உண்டு. வெளியூர் வியாபாரிகள் வந்தால் சாயங்காலம் அங்கேதான் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் பட்டாசு வெடித்துக் காட்டுவார்கள். ஒருநாள் நாயோடு அந்தப் பக்கம் நடந்தபோது, முதல் வெடிக்கே அது தலையைப் பின்னால் உருவிக்கொண்டது. பட்டை என் கையில், நாய் மெயின் ரோட்டில். லோடு வேன் ஒன்று பிரேக் போட்டு நின்றது. டிரைவர் இறங்கி, டயருக்குப் பக்கத்திலிருந்து அதைத் தூக்கிக் கொடுத்தார். நல்லவேளை, அடி ஏதும் இல்லை.

"இனி அது மொட்டை மாடியிலயே கெடக்கட்டும். தீபாவளி சீசன் வேற வருது" என்றார் என் கணவர்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "ஊரு வெடிக்குதுன்னு நாம வீட்டுக்குள்ளயா கெடக்கோம்? அதுவும் நடக்கும். நீங்க சும்மா இருங்க."

கழுத்தில் மாட்டுவது வேண்டாம், மார்பைச் சுற்றிப் பிடிக்கும் ஹார்னஸ்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் பார்த்ததெல்லாம் நைலான். நான் இருபது வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறையில் வேலை பார்ப்பவள். உரசினால் பொறி வரும் என்று அங்கே பருத்தி தவிர வேறு துணிக்கு இடமில்லை. உள்ளே போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போவோம். நைலான் என்றாலே என் கை தானாகப் பின்வாங்கும். அதனால் பருத்தி நாடா வாங்கி நானே தைத்தேன். இரும்புக் கொக்கி கூட வைக்கவில்லை, எல்லாம் துணி முடிச்சு. எனக்கு ஒரே பெருமை.

ஒரு வாரத்தில் நாய் நொண்டியது. முள் குத்தியிருக்கும் என்று பாதத்தைத் தேடினேன். கடைசியில் புரட்டிப் பார்த்தால், முன்னங்கால் இடுக்கில் சொரசொரப்பான நாடாவோடு முடி சிக்கி, கட்டி கட்டியாக இறுகிப்போயிருந்தது. தோல் சிவந்திருந்தது. நல்லது செய்கிறேன் என்று நானே அதை வதைத்திருக்கிறேன். அழுதுவிட்டேன்.

விருதுநகரில் கால்நடை மருத்துவர் கட்டிகளைக் கத்தரித்தார். பருத்தி ஏன் என்று கேட்டு, காரணத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"ஏம்மா, இது என்ன மருந்து அறைக்கா வேலைக்குப் போகுது? உள்பக்கம் வழுவழுன்னு இருக்கிறதா வாங்குங்க. குளிப்பாட்டி, ஈரத்தோட அளவு எடுங்க. நீங்க உடம்புன்னு பாத்த அம்புட்டும் முடி."

நனைந்ததும் பாதி நாய் காணாமல் போனது. மார்பைச் சுற்றி அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன். ஒல்லிக் கயிறு முடிக்குள் புதைந்து அறுக்கும், வேண்டாம். ஒட்டிப் பிரிக்கிற பட்டை முடியைப் பிடுங்கும், அதுவும் வேண்டாம். அகலமாக, உள்ளே மழமழப்பாக, கால் இடுக்கில் ஆழமாக வெட்டியிருந்த ஒன்றை எடுத்தேன். நைலான்தான்.

"பட்டுச்சேலையா எடுக்கீக, இம்புட்டு நேரம் தடவிப் பாக்கீக?" என்றார் கடைக்காரர்.

"நழுவக் கூடாது தம்பி. அம்புட்டுத்தான்."

தினமும் சாயங்காலம் அதே மைதானத்துப் பக்கமே கூட்டிப் போனேன். நான்காம் நாள் சாம்பிள் வெடித்தது. நாய் தலையைப் பின்னால் உருவப் பார்த்தது, முறுக்கியது, ஹார்னஸ் அசையவில்லை. அசையாமல் நின்று சத்தத்துக்கு அதைப் பழக்கவேண்டும் என்பதுதான் என் திட்டம். ஆனால் அது நடுங்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தது. அந்த வெடிக்கு மருந்து அடைத்தது என் கையாகக்கூட இருக்கலாம். என்னால் நிற்க முடியவில்லை. அது வீட்டுப் பக்கம் பாய்ந்தது, நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"என்னாச்சுக்கா?" என்று தெருவே எட்டிப் பார்த்தது.

"ஒண்ணுமில்ல, வாக்கிங்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். வாசலில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, கயிற்றின் மறுமுனையில் அது இருந்தது.