டாங்கிளை நகலெடுத்த நாள்

இலுப்பூரில் நானும் என் நாத்தனாரும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை வைத்திருக்கிறோம். டிசைன் வரையும் மென்பொருள் திறக்க, டாங்கிள் என்ற சிறு சாவியைக் கம்ப்யூட்டரில் செருகியிருக்க வேண்டும். பார்க்கப் பென் டிரைவ் மாதிரி இருக்கும். போன ஆவணியில் நாற்காலி இடித்து அது வளைந்துவிட்டது. அதன்பிறகு யாராவது விரலால் அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும். நான் வரைய, நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்துவாள். அவள் தும்மினால் போச்சு. பாதி வரைந்த மயிலோடு மென்பொருள் மூடிக்கொள்ளும்.

"அண்ணி, நான் கல்யாணமாகிப் போனா யாரு புடிப்பா?" என்பாள்.

மென்பொருளை விற்றவருக்குப் போன் செய்தேன். "கம்பெனியவே மூடிட்டாங்கம்மா. வேற சாவி கிடைக்காது. காசு குடுத்து வாங்குனது நீங்கதானே, எப்படியாச்சும் சமாளிச்சுக்கங்க" என்றார்.

கோட்டைப்பட்டினத்தில் எனக்கொரு தோழி, பாலிடெக்னிக்கில் பக்கத்து பெஞ்ச், கம்ப்யூட்டரில் கெட்டிக்காரி. அவளுக்குப் போன் செய்து சொன்னேன். "வாரேன்டி. நீ சோறு மட்டும் ஆக்கி வை, மீன் கொழம்பு நான் கொண்டாறேன்" என்றாள். சொன்னபடியே லேப்டாப்பும் தூக்குவாளியுமாகப் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

சாவிக்குள் இருப்பதைப் படித்து ஒரு ஃபைலாக எடுக்க வேண்டும். அதை வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தால், சாவி செருகியிருப்பதாகவே மென்பொருள் நம்பிவிடும் என்று விளக்கினாள். படித்து முடியும்வரை சாவி அசையக் கூடாது. நாத்தனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். மூன்றாம் தடவைதான் முழுசாக வந்தது. மாற்றிப் போட்டுத் திறந்தோம். 'சாவி இல்லை' என்றது திரை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரக் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு பிளவுஸ் ஒப்புக்கொண்டிருந்தேன்.

தோழி எண்களை வரிவரியாக வாசித்தாள்.

"ஏய், இங்கிட்டு பாரு. இந்த எண்ண ஜோடி ஜோடியாத் திருப்பிப் போடணும். நான் நேரா போட்டுத் தொலைச்சிருக்கேன்!" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

திருத்திவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். மென்பொருள் திறந்துகொண்டது. நாத்தனார் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினாள். மூவரும் சிரித்த சத்தத்துக்குப் பக்கத்து மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பன்னிரண்டு பிளவுஸும் சொன்ன நாளுக்கு முன்பே முடிந்தன. சாவி பிடிக்கும் வேலை போன நாத்தனார் தானே டிசைன் வரையப் பழகினாள். முதலில் வரைந்தது மாங்காய். எனக்கென்னவோ கத்தரிக்காயாகத்தான் தெரிந்தது. அதையும் ஒரு டீச்சர் விரும்பிக் கேட்டுத் தன் பிளவுஸில் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.