வலிக்காத முழங்கால்

எனக்கு முழங்கால் வருத்தம் என்று எங்களுக்குத் தெரிந்த சனம் முழுக்க நம்புகிறது. கோயிலுக்குப் போனால் நான் நிலத்தில் இருக்க முதலே யாராவது ஒரு பிள்ளை கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. கதிரையில் இருந்து சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

இந்த வருத்தம் ஓர் ஆற்றங்கரையில்தான் தொடங்கியது. என் கணவரின் சிநேகிதர் ஒருவருக்கு வள்ளம் வலிப்பதில் பைத்தியம். சிட்னியில் லிட்கம் என்ற இடத்தில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பு. கண்டால் சண்டை, காணாவிட்டால் தேடல். சிட்னிக்குத் தெற்கே ஓர் ஆற்றில் சனி, ஞாயிறு வள்ளப் பயணம் என்று அவர் ஏற்பாடு செய்தார். அவரும் மனைவியும் ஒரு வள்ளம், நாங்கள் ஒரு வள்ளம்.

அதற்கு முந்தின மாதம்தான் டொக்டர் எங்கள் இருவரையும் இருத்தி வைத்துச் சொல்லியிருந்தார். என் கணவரின் புற்றுநோய் முள்ளந்தண்டுக்குப் போய்விட்டது. பாரம் தூக்கவே கூடாது. எலும்பு நொறுங்கினால் நடக்க முடியாமல் போகலாம். துடுப்பு வலிக்கலாமா என்று இவர் கேட்டார். மெதுவாக என்றால் பரவாயில்லை என்றார் டொக்டர். மற்றதெல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் இவர் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

"தெரிஞ்சால் அப்பிளும் தோடம்பழமும் கொண்டு வந்து சுத்தி இருப்பினம். அது பரவாயில்லை. ஆனா அதுக்குப் பிறகு ஒருத்தனும் என்னோட சண்டை பிடிக்க மாட்டான்" என்றார்.

பிடிவாதம் பிடித்த மனிதர். சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஞாயிறு மத்தியானம் ஆறு பாறைகளுக்குள் விழுந்து நுரைத்துக்கொண்டு போகிற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். அதில் வள்ளம் போகாது. கரையால் கொண்டுபோய்க் கீழே திரும்ப இறக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி இருந்தது. ஆற்றை ஒட்டிப் பாறைக்குப் பாறை தாண்டி, வள்ளத்தைத் தோளில் சுமந்து போகிற குறுக்குவழி ஒன்று. மரங்களுக்கூடாகச் சுற்றிப் போகிற மண்பாதை மற்றது. மண்பாதையில் சின்னச் சில்லு வண்டியில் வள்ளத்தை வைத்து இழுக்கலாம். ஆனால் இருந்தது ஒரே ஒரு வண்டி. ஒன்றை விட்டுவிட்டு வந்து மற்றதை எடுக்க வேண்டும்.

"சுத்துப்பாதை கிழவங்களுக்கு மச்சான். நாங்கள் பாறையால போவம்" என்றார் சிநேகிதர்.

"ஓம், நீ முன்னுக்குப் பிடி. நான் பின்னுக்குத் தூக்கிறன்" என்று இவர் குனிந்து வள்ளத்தில் கை வைத்துவிட்டார்.

எனக்கு உயிர் போய் வந்தது. இந்த மனிதர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நான் கண்ணாலேயே தடுத்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். சத்தியத்தை மீறவும் முடியாது, பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியாது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று மணலில் இருந்தேன்.

"ஐயோ, என்ர முழங்கால்!"

தலையிடிக்கு ஒரு பனடோலைத் தவிர வேறு மருந்து கண்டறியாத உடம்பு இது.

"தங்கச்சி, நீங்கள் மண்பாதையால ஆறுதலா நடந்து வாங்கோ. வள்ளத்தை நாங்கள் கொண்டு போறம்" என்றார் சிநேகிதர்.

"தனிய நடக்க ஏலாது."

"நான் பிடிக்கிறன் அக்கா" என்று அவரின் மனைவி ஓடி வந்தாள்.

"இல்லை, இவர்தான் பிடிக்க வேணும்."

நேற்றுக் கலியாணம் கட்டியவள் மாதிரி அடம்பிடித்தேன். பிள்ளைகள் பல்கலைக்கழகம் முடித்த பிறகு இப்படி ஒரு செல்லம். சிநேகிதருக்கு முகம் கறுத்துப்போனது. "உன்ர மனுசி உன்னை நல்லாத்தான் கட்டி வச்சிருக்கிறா" என்று சொல்லிவிட்டு, தன் மனைவியோடு சேர்ந்து முதல் வள்ளத்தை வண்டியில் ஏற்றினார். அவர்கள் முன்னால் இழுத்துக்கொண்டு போக, இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். பிடித்த பிடியிலேயே கோபம் தெரிந்தது.

"மானத்தை வாங்கிப்போட்டாய்."

"போனது என்ர மானம். பேசாமல் நடவுங்கோ."

நொண்டி நொண்டிப் பாதித் தூரம் வந்திருப்போம். என் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"மற்றக் கால்."

"என்ன?"

"ஆத்தங்கரையில நீ பிடிச்சது வலது முழங்கால். இப்ப இடக்காலை நொண்டுறாய்."

கால் மாற்றினேன். சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவள் எந்த இடத்தில் அழத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது. டொக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் பிள்ளைகளுக்குத் தெரியாமல், வேலையில் மற்றவர்களுக்குத் தெரியாமல் அடக்கி வைத்த அழுகை அது. வாய்விட்டு அழுதேன்.

முன்னால் போனவர்கள் வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். "பாவம், அக்காவுக்கு நல்லா நோகுது" என்று அவள் தன் பையிலிருந்து தைலப் போத்தலை எடுத்து, மண்ணில் முழந்தாளிட்டு என் காலைத் தேய்த்தாள். சிநேகிதர் தலையைக் குனிந்துகொண்டு, "குறை நினைக்காதேங்கோ தங்கச்சி, நான் விசரன்" என்றார். இவர் என் முதுகைத் தடவினார்.

"அழு, நல்லா அழு" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "முழங்கால்தானே."

அதற்குப் பிறகும் சில மாதம் என் கணவர் தான் விரும்பியபடியே இருந்தார். சிநேகிதரோடு கிரிக்கெட்டுக்குச் சண்டை, அரசியலுக்குச் சண்டை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அடுத்த கோடைக்கு அவர் இல்லை.

முழங்காலின் உண்மையை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால், அன்றைக்குப் பாறையால் போவோம் என்று நின்றதை நினைத்து அந்தச் சிநேகிதர் உடைந்துபோவார். அவர் இப்போது வள்ளத்தைத் தொடுவதே இல்லை. சேர்ந்து வலிக்க ஆள் இல்லை என்கிறார். அவரின் மனைவி ஊருக்குப் போய்வரும் போதெல்லாம் எனக்கு எண்ணெய்ப் போத்தல் கொண்டு வருகிறாள். குசினி அலுமாரியில் ஒரு தட்டு முழுக்க அந்த எண்ணெய்தான்.

போன கிழமையும் வந்தாள். புது வைத்தியர், நல்ல கைராசி என்றாள். நான் தடுக்கத் தடுக்க எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து என் கதிரைக்கு முன்னால் இருந்தாள். இரண்டு கையிலும் எண்ணெயைப் பூசிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தக் கால் அக்கா?"

எனக்கு மறந்துபோயிருந்தது. ஏதோ ஒரு காலை நீட்டினேன். அவள் தேய்க்கத் தொடங்கினாள். பழக்கதோஷத்தில் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். மற்றக் கால் என்று சொல்ல அதில் ஒருவரும் இல்லை.